ஆயில் மாற்ற மூன்று வழி

இதில் ஒரு எழுத்து பொய்யென்று யாராவது காட்டிவிட்டால், துறைமுகத்தில் நிற்கிற கப்பலைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் மணப்பாட்டு மேட்டில் இறக்கி வைக்கிறேன். அம்புட்டும் சத்தியம்.

"கூத்தைக் கேட்டியளா. தெருமுனையில இசக்கியப்பன் மெக்கானிக் கடை இருக்கு. கார் வச்சிருக்கிற மனுசன் வீட்டுல வச்சு ஆயில் மாத்தப் போறாராம்."

சொன்னது பக்கத்து வீட்டுச் சிலுவை. கப்பல் இஞ்சின் அறையில் கத்திக் கத்தியே பேசிப் பழகி ஓய்வுபெற்றவர். மில்லர்புரத்தில் அவர் ரகசியம் பேசினால், பல மைல் தள்ளிப் புன்னைக்காயலில் வலை இழுக்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

கிருபாநிதி வாத்தியார் புதிதாக வாங்கிய கைப்பம்பைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கார்மேல் வைத்தார்.

"கஞ்சத்தனம்னா இப்படி ஒரு கஞ்சத்தனமா வே?"

"அப்படியே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் கிருபாநிதியும் நினைத்தார். விஷயம் வேறு. போன தடவை இசக்கியப்பன் ஆயில் மாற்றிக் கொடுத்த மறுநாளே, புன்னைக்காயல் ரோட்டில் இஞ்சினின் அடி போல்ட் கழன்று ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்து வந்தபோதுதான் இசக்கியப்பனின் கை நடுங்குவதைப் பார்த்தார். "கல்லு அடிச்சிருச்சு இசக்கியப்பன்" என்று அவரிடமும் தெருவிலும் சொல்லிச் சமாளித்துவிட்டார்.

அந்தக் கடைக்குக் கார் என்று வருவது இவர் வண்டியும் சிலுவை வண்டியும்தான். மற்றதெல்லாம் பைக், பஞ்சர். கை போய்விட்டது என்று தெருவில் ஒரு பேச்சுக் கிளம்பினால், ரோஷக்கார மனுசன் அன்றைக்கே கடையைப் பூட்டிவிடுவார். வேறு கடைக்குப் போகலாமென்றால் அவர் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே யார் வண்டி, எங்கே போகிறது என்று சொல்லுகிற ஆள்.

அதற்குக் கஞ்சன் பட்டம் எவ்வளவோ மேல்.

"பம்ப் எதுக்கு வே?" சிலுவை விடுவதாக இல்லை.

"ஆயில் அளக்கிற குச்சி இருக்குல்லா, அந்த ஓட்டையில குழாயை விட்டு மேலயே உறிஞ்சிரலாம்."

"அடியில கெடக்கிற கசடு அங்கனயேதான் கெடக்கும். இஞ்சினை லேசாச் சூடாக்கி, அடி போல்ட்டைக் கழத்தி வடிய விடணும். அதான் முறை."

"அடியில படுத்தா என் முட்டி எந்திரிக்க விடாது."

"ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்தீர்னா கல்லறையிலதான் எந்திரிப்பீரு. தூக்குன வண்டியைத் தாங்க ஸ்டாண்டு வேணும். நில்லும், வாரேன்."

தன் வீட்டுக்குள் போனவர் ஒரு கப்பலையே கழற்றி மாட்டுகிற சாமானோடு வந்தார். இரண்டு ஸ்டாண்டு, அகலத் தட்டு, ரிங் ஸ்பேனர், ஒரு கவர் நிறைய, போல்ட்டுக்கு அடியில் போடுகிற செம்பு வாசர்.

கிருபாநிதியின் மனைவி ரேச்சல் தேநீரோடு வந்தவள் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, நீங்க இசக்கியப்பன்கிட்டதான வண்டியை விடுதிய? ஒங்களுக்கு எதுக்கு இம்புட்டுச் சாமானும்?"

"கப்பல்லேர்ந்து கொண்டாந்ததும்மா."

"கப்பலுக்கு இத்துனூண்டு ஸ்பேனரா? தட்டுல ஆயில் ஈரங்கூடக் காயலையே."

சிலுவை கோப்பையை வாங்கிக்கொண்டார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் குரல் தணிந்தது. பயந்துபோய் எதிர்வீட்டு முருங்கையில் இருந்த காக்கை அத்தனையும் பறந்துவிட்டது.

"ஆயிலை அவன்தான் மாத்துதான். வீட்டுக்கு வந்ததும் நான் போல்ட்டை ஒரு இறுக்கு இறுக்கிருவேன். வாசர் கோணிக் கெடந்தா ஆயிலை வடிச்சு, வாசரை மாத்திட்டுத் திரும்ப ஊத்துவேன். அவன் கை முன்ன மாதிரி இல்ல வே. யாருட்டயும் சொல்லிராதேயும்."

கிருபாநிதி அவர் பக்கம் குனிந்தார்.

"என் வண்டியில கல்லு அடிக்கல அண்ணாச்சி."

சிலுவை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் நீரு கஞ்சன்னுல்லா நெனச்சேன்."

"அதுவும் பொய்யில்லன்னு ரேச்சல் சொல்லுவா."

இறுக்குகிற வேலையைச் சிலுவை ஏற்றுக்கொள்ள, பம்ப் பெட்டிக்குள் போயிற்று. சாயங்காலம் வண்டி இசக்கியப்பன் கடையில் நின்றது.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. கிருபாநிதி அவர் கையைப் பார்க்காமல், ரோட்டில் போகிற உப்பு லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு இசக்கியப்பன் கையைத் துடைத்தபடி கிட்டே வந்தார்.

"சார், வீட்டுக்குப் போனதும் போல்ட்டை ஒரு இறுக்கு இறுக்கிக்கிடுங்க. போன தடவை கல்லு ஒண்ணும் அடிக்கலன்னு எனக்குத் தெரியும். சிலுவை அண்ணாச்சி ஒங்க வண்டியையும் பாத்துக்கிடுவாவன்னு இருந்துட்டேன். தப்பு எம்மேலதான்."

"சிலுவை அண்ணாச்சியா?"

"அவுக வண்டியில நான் மாட்டுன போல்ட்டு, அடுத்த தடவை என்னாலயே கழத்த முடியல சார். யாரு இறுக்குதாவன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஆனா எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுசன் கூச்சப்பட்டு இந்தப் பக்கமே வரமாட்டாவ. நான் சொன்னேன்னு மட்டும் அவுககிட்டச் சொல்லிராதிய."

நீங்களும் மில்லர்புரம் பக்கம் போனால் யார் சொன்னது என்று வாயைத் திறந்துவிடாதீர்கள். மூன்று பேரும் தனித்தனியாக என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள்.