நெவிஸ் பக்கமாக

மற்ற குதிரைகள் எல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டன. சாம்பல் நிறப் பெட்டை மட்டும் திரும்பவில்லை.

அதன் முதுகில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். சுற்றுலாக் கப்பலில் வந்த கூட்டத்தில் அவள்தான் ஆகச் சின்னவள்.

கால் மணலை விட்டதும் குதிரை கடலில் ஒரு சின்ன அரைவட்டம் போடும். முதுகில் இருப்பவர்கள் கத்துவார்கள், சிரிப்பார்கள், கரையில் நிற்பவர்கள் படம் எடுப்பார்கள். அதற்குத்தான் செயின்ட் கிட்ஸ் தீவின் இந்தத் தென்முனைக்கு வருகிறார்கள். திரும்பு என்று எந்தக் குதிரைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கரை எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியும்.

இதுவோ எதிர்த்தீவான நெவிஸில் மேகம் மூடிக் கிடந்த மலையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது.

சவாரிக்குத் துணையாக வந்த லாயத்து ஆள் ஆஸ்வின் முதலில் விசிலடித்தான். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் லாயத்துக்கு வந்த குதிரை. முதலாளி வைத்த பெயர் அதற்கு இன்னும் பழகவில்லை.

"டேய் ஆஸ்வின்! என்னடா வேடிக்கை பார்க்கிற? போடா!" என்று முதலாளி லிபர்ட் கரையிலிருந்து கத்தினார்.

அதற்குள் அவன் தன் குதிரையை விட்டுக் கடலில் பாய்ந்திருந்தான்.

பாறைமுனையைத் தாண்டினால் இரண்டு தீவுக்கும் நடுவிலுள்ள நீரோட்டம். வருடத்தில் ஒருநாள் போட்டி வைத்து அதை நீந்திக் கடப்பார்கள், அதுவும் சுற்றிலும் படகுகள் காவல் வர. ஆஸ்வினும் ஒருமுறை கடந்திருக்கிறான். மற்ற நாளில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

குதிரை முனையை நெருங்கிக்கொண்டிருந்தது.

கரையில் சிறுமியின் அம்மா கத்துவதை நிறுத்திவிட்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளையும் கடலை நோக்கி நீட்டியபடி நின்றாள்.

"பாப்பா! பிடரியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ! குதிச்சிடாத!" என்று ஆஸ்வின் நீந்திக்கொண்டே கத்தினான்.

சிறுமி மிதவை அங்கி போட்டிருந்தாள், மூழ்கமாட்டாள். ஆனால் தவறி விழுந்தால் பின்னங்கால்களில் மாட்டுவாள். தண்ணீருக்குள் அந்தக் கால்கள் உதைக்கும் வேகம் ஆஸ்வினுக்குத் தெரியும்.

வால்தான் முதலில் கைக்குக் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஊர்ந்து, கழுத்தருகே போய், கடிவாள வாரைப் பற்றி ஒரே இழுப்பாக இழுத்தான்.

குதிரையின் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. சிறுமி மார்புவரை மூழ்கி, அலறக்கூட முடியாமல் வாயைத் திறந்தாள்.

ஆஸ்வின் வாரை விட்டான். தலை மேலே வந்து, தண்ணீரைச் சீறித் தள்ளி, மறுபடி நெவிஸ் பக்கமே திரும்பிக்கொண்டது.

இழுத்தால் மூழ்கும். விட்டால் போய்க்கொண்டே இருக்கும்.

"இது எங்க போகுது?" என்று சிறுமி கேட்டாள். பல் தந்தியடித்தது.

"சும்மா ஒரு சுத்து, கண்ணு. இன்னைக்குக் கொஞ்சம் பெரிய சுத்து."

அவள் அதை நம்பவில்லை. ஆனால் பிடியை விடவில்லை.

கடற்கரையில் ஜெட் ஸ்கீ வாடகைக்கு விடும் டெல்மா, குதிரை மிரளாதபடி இன்ஜின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ஆஸ்வின் சிறுமிக்கும் பின்னங்கால்களுக்கும் நடுவே தன் உடம்பைக் கொடுத்து, அவளைத் தோளுக்கு இழுத்தான். தொடையில் ஒரு உதை விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவளை மேலே தள்ளினான். டெல்மா அங்கியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள்.

"நீயும் ஏறு. இந்தச் சனியன் எங்கேயோ போய்த் தொலையட்டும்."

"நீ முதல்ல போ. அவங்கம்மா தண்ணியில நிக்கிறாங்க."

"குதிரை கரைக்கு வந்தாகணும்னு சொல்லச் சொன்னான் லிபர்ட். உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

சிரிக்க அவனுக்கு மூச்சு இல்லை. ஜெட் ஸ்கீ திரும்பிப் போனது.

இப்போது அவனும் குதிரையும்தான். பாரம் குறைந்ததும் அது இன்னும் வேகம் எடுத்தது. பாறைமுனை பின்னால் போயிற்று. நீரோட்டம் குளிர்ச்சியாகக் காலைத் தொட்டது.

வலையோ கயிறோ காலில் சிக்கிக்கொண்டு, அந்த மிரட்சியில்தான் ஓடுகிறதோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கீழே மூழ்கிப் பார்த்தான்.

கண் எரிந்தது. ஆனாலும் அடிமணல்வரை தெளிந்த தண்ணீர். நான்கு கால்களும் சுதந்திரமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தன. வலை இல்லை. கயிறு இல்லை.

பின்னங்கால்களுக்கு நடுவே மடி கல்லாக வீங்கியிருந்தது. ஒவ்வொரு உதைக்கும் அதிலிருந்து வெள்ளையாக ஒரு இழை கசிந்து, நீலத்தில் கரைந்து, பின்னால் நீண்டுகொண்டே போனது.

ஆஸ்வின் மேலே வந்து மூச்சு வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை நெவிஸிலிருந்து வந்த படகிலிருந்து இதை இறக்கும்போது, "இன்னும் குட்டியே போடாதது" என்று லிபர்ட் அதன் முதுகைத் தட்டிச் சொன்னார். அவன் குனிந்து பார்க்கவில்லை. நம்பிவிட்டான்.

கரையில் அந்த அம்மா மகளை வாங்கி நெஞ்சோடு அழுத்திக்கொள்வது இங்கிருந்தே தெரிந்தது. பக்கத்தில் லிபர்ட் இரண்டு கையையும் ஆட்டி, திருப்பு, திருப்பு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

ஆஸ்வின் குதிரையின் முகத்தருகே போய்த் தாடையில் கையை வைத்தான். அவன் அதைத் திருப்பத்தான் இன்னும் போராடுகிறான் என்று கரையில் நின்றவர்கள் எல்லாரும் நினைத்தார்கள்.

அவன் கடிவாளத்தைக் கழற்றிக் கடலில் விட்டான். பிடரிமயிரை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, அதன் தோளோடு தோளாக, நெவிஸ் பக்கமாக நீந்த ஆரம்பித்தான்.