உட்கார்ந்திருக்க வேண்டியவள்

எழுந்து நிற்கக் கூடாது. அன்று அவள் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஹெல்சிங்கி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு. சட்டத்தை ஆதரிப்பவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்ப்பவர்கள் எழ வேண்டும்.

வீட்டு வேலைக்காரிகளுக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேர வேலை போதும் என்கிற சட்டம். எழுதியவளே அவள்தான். பதினாறு வருடம் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள், இன்று இந்தச் சபையில் ஓர் உறுப்பினர். சங்கம் சேர்க்க மூன்று குளிர்காலம் பின்வாசல் பின்வாசலாக ஏறி இறங்கியிருக்கிறாள். வேலைக்காரிக்கு எதற்குச் சங்கம் என்று விரட்டிய வீடுகள்தான் அதிகம்.

இன்று ஜெயித்துவிடலாம். மயிரிழையில்தான். ஆனாலும் ஜெயித்துவிடலாம்.

எதிர் வரிசையில் கனவான்கள் எழுந்தார்கள். செயலர் பென்சிலும் கையுமாக நின்றவர்களை எண்ணிக்கொண்டே வந்தார்.

கதவு திறந்தது.

கையுறையைக் கழற்றியபடி ஒருவர் தாமதமாக உள்ளே வந்தார். அவள் பதினாறு வருடம் இருந்த வீட்டின் எஜமானர். இப்போது எதிர் அணி உறுப்பினர்.

அவர் அறைக்குள் வந்தால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு எழ வேண்டும். அந்த வீட்டு வழக்கம் அது. பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டது.

செயலரின் பென்சில் அவளைச் சுட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனது.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, தான் நின்றுகொண்டிருப்பது.

அவர் அவளைக் கடந்து போகும்போது ஒரு கணம் தயங்கினார். குரலில் கேலியே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உட்காரு, லெம்பி."

உட்கார்ந்தாள்.

பிறகுதான் கை தூக்கினாள். தவறுதலாக எழுந்துவிட்டேன் என்றாள். எண்ணி முடித்த வரிசையை மாற்ற முடியாது என்றார் சபைத் தலைவர்.

ஒரே ஒரு வாக்கில் சட்டம் தோற்றது.

எண்ணத் தொடங்கிய பிறகு வந்ததால் எஜமானரின் வாக்கு செல்லவில்லை. அவளுடையது செல்லுபடியானது.

பார்வையாளர் மாடத்தில், இப்போது அவர் வீட்டில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள் இருந்தார்கள். சந்தைக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள். அவர்களை எந்த முகத்தோடு பார்ப்பது? துரோகி என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். நாலு வார்த்தை திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவளுக்கு.

மெல்லத் தலையைத் தூக்கினாள்.

மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தலை குனிந்து.

அவர்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.