கரைந்த மெருகு

திருமண நாளுக்காகத் தானே கடைந்து கொடுத்த மரப்பேனாவை அவள் திருப்பிப் பார்த்தாள். விரல் பிடிக்கும் இடத்தில் மெருகு கரைந்து பிசுபிசுத்திருந்தது.

“எல்லாம் என் கை வியர்வைதான்,” என்றான் கணவன். “இந்த வாட்டி நல்லாத் தாங்குற மெருகாப் போடேன். எண்ணெயா, மெழுகா?”

“வேற யாருக்காவது எழுதக் கொடுத்தீங்களா?”

“நீ செஞ்சதை இன்னொருத்தர் தொட விடுவேனா?”

“இந்த மெருகு வியர்வை, தண்ணி, மை எல்லாத்தையும் தாங்கும். ஊற வெச்சுப் பார்த்துட்டுத்தான் பூசினேன்.”

“அப்புறம் எப்படிக் கரைஞ்சுது?”

“வீட்டுல, ஆபீஸ்ல புழங்குறதுல இதைக் கரைக்கிறது நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும்தான்.”

நகங்களுக்கு ஒருநாளும் சாயம் பூசியறியாத அவள், பேனாவை அவன் சட்டைப்பையில் செருகினாள்.

“எந்த மெருகு வேணும்னு அவங்களையே கேட்டுட்டு வாங்க.”