மிதி, பிடி, விடு

பழைய காரின் அடியில் தம்பி மல்லாந்து கிடக்கிறான். போன வாரம் இறக்கத்தில் துருப்பிடித்த பிரேக் குழாய் வெடித்தபோது மதில்தான் வண்டியை நிறுத்தியது. ஓட்டிவந்த அக்கா அன்றிலிருந்து வண்டியைத் தொடவில்லை. துருவே ஏறாத புதுக் குழாய்கள் இப்போது மின்னுகின்றன. அவளைக் கெஞ்சித்தான் இருக்கையில் உட்கார வைத்திருக்கிறான். "மிதிக்கா. எறும்பு செத்துடும்னு பயமா? அத்தானை நினைச்சு மிதி." பிரேக்கை மிதிக்கிறாள். சக்கரத்தருகே குப்பிக்குள் பிரேக் எண்ணெயோடு, குழாயில் சிக்கிய காற்று குமிழிகளாக வருகிறது. "பிடி." காற்று திரும்பப் புகாதபடி குழாய்முனைத் திருகாணியை இறுக்குகிறான். "விடு." மறுபடி, மறுபடி. ஒருவழியாகக் குமிழி நிற்கிறது. "கல்லு மாதிரி இருக்குடா," என்கிறாள். "அவ்வளவுதான், காலை எடு." அவள் எடுக்கவில்லை. கை மட்டும் சாவிக்குப் போகிறது. "முதல்ல நீ வெளியே வாடா, ஏத்திடப் போறேன்."