டெஸ்ட் ஷாட்

மூன்றாவது கேமராவையும் அழகிரி கையில் வாங்கினார். ஜூமைத் தொடக்கூட இல்லை. நேராகப் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தார்.

“ஸ்ரீரங்கத்துல பாதிக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவரு நீங்க. லென்ஸைப் பாக்காம மெமரி கார்டையே நோண்டிக்கிட்டு இருக்கீங்களே, அண்ணே?” என்றான் தில்லைநகர் கேமரா கடைக்காரன் ஜெயக்குமார்.

“போன மாசம் நான் டெஸ்ட் பண்ணிப் பாத்தது எதுப்பா?”

“கையில வெச்சிருக்கீங்களே, அதேதான். முகத்துல கலர் எப்படி விழுதுன்னு பாக்க அண்ணியை வாசல்ல நிக்க வெச்சு எடுத்தீங்க. ‘வெயில்ல மண்டை காயுது, என்னைப் போய் எதுக்குப் படம் புடிக்கிறீங்க’ன்னு ஒரே திட்டு! இன்னிக்கு அவங்களைக் கூட்டிட்டு வரலையா?”

“நேத்துதான் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது.”

ஜெயக்குமார் ஸ்டூலை விட்டு எழுந்தான்.

“ஹார்ட் அட்டாக். சுவத்துல மாட்ட போட்டோ இருக்கு. அவ பேசுற மாதிரி வீடியோ ஒண்ணுகூட இல்லப்பா. ஊரான் வீட்டுக் கல்யாணத்தை எல்லாம் எடுத்தேன். அவளை எடுத்தது அன்னிக்கு மட்டும்தான்.” விலை விசாரிக்கிற குரலில்தான் சொன்னார்.

ஜெயக்குமார் தயங்கினான். “அண்ணே, டெஸ்ட் பண்ணினா கார்டைச் சுத்தமா அழிச்சுட்டுக் குடுக்கிறது நீங்க ஒருத்தர்தான். அன்னிக்கும்...”

“ஆமால்ல” என்றார் அழகிரி.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது, பழக்கதோஷத்தில் அவர் விரல் தானாகவே போய், கார்டை இன்னொரு தடவை அழித்தது.