ஒத்தை சீட் வண்டி

"பட்டப்பகல்ல திருட்டு! எல்லாரும் கீழே வாங்க!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு சிவஞானம் போட்ட சத்தத்தில், லம்பா லைன் குடியிருப்பின் மூன்று மாடியும் வாசலுக்கு வந்துவிட்டது.

சிவஞானம் அந்தக் குடியிருப்பின் செயலாளர். காண்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்து ஓய்ந்தவர். ஊர் நியாயம் முழுக்க அத்துப்படி. அடுத்தவரைப் பேசி முடிக்க விடுவது மட்டும் பழக்கமில்லை.

"என்ன சார் ஆச்சு?" என்று பதறி வந்தார் இரண்டாம் மாடி வைஜெயந்தி டீச்சர்.

"அங்கே பாருங்க!"

முதல் மாடி ஆவுடையப்பனின் மின்சார வண்டி நின்றது. மூன்று சக்கரம், மேலே ஒரு கூரை, உள்ளே ஒரே ஒரு ஆள் உட்கார இடம். சென்னையிலிருந்து கப்பலேறி, இந்தத் தீவின் ஹேடோ துறைமுகத்தில் வந்து இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதிலிருந்து ஒரு கறுப்பு வயர் புறப்பட்டு, கீழ்வீட்டு சம்சாத்தின் ஜன்னலுக்குள் போயிருந்தது.

"நாலு நாளா கவனிக்கிறேன். அவங்க வீட்டு கரண்ட்ல இவன் வண்டிக்கு சார்ஜ் ஏத்துறான்! சம்சாத் புருஷன் ஜெய்னுதீன் பாய் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கார். கடை பூட்டிக் கிடக்கு. அந்த வீட்டுல போயா கை வைக்கிறது? ச்சே!"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஆவுடையப்பனா? நம்பவே முடியலையே! ஆனா சார், கரண்ட்..."

"நீங்க சும்மா இருங்க டீச்சர். உங்களுக்கு இளகின மனசு."

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பழைய ஸ்கூட்டர் இருந்தவரை, அதன் பின்சீட்டில்தான் சிவஞானம் தினமும் பஜாருக்குப் போவார். இந்த வண்டியில் பின்சீட்டே இல்லை.

"யாரும் லிஃப்ட் கேட்டுடக் கூடாதுன்னே ஒத்தை சீட் வாங்கினவன்! அப்பவே எனக்குத் தெரியும். இதுல கூத்து என்னன்னா, வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் வண்டியை இங்கேயே போட்டுட்டு ஆபீசுக்கு பஸ்ல போறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேங்கற கதைதான்."

"சம்சாத் சும்மாவா விட்டுச்சு?" என்று கேட்டார் யாரோ.

"பாவம், கூச்சப்பட்டிருக்கும். என்னை மாதிரி மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெரியணும். புதன்கிழமை அந்தப் பொண்ணே என்கிட்ட இன்வர்ட்டர்ல ஒரு பாயின்ட் கேட்டு வந்துச்சு. மொபைலுக்கா இருக்கும், வேற எதுக்கு? வாசல்லயே நஹின்னுட்டேன். ஒருத்தருக்குக் குடுத்தா மூணு மாடியும் வந்து நிக்கும்."

சொல்லிக்கொண்டே வண்டியருகே போனார். பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பு.

"இனிமே எப்படித் திருடுறான்னு பாக்கறேன்!"

ஜன்னலுக்குள்ளிருந்து 'பீ...' என்று விடாமல் ஒரு சத்தம் கிளம்பியது. அதற்கு மேலே சம்சாத்தின் அலறல்.

"யா அல்லாஹ்! மிஷின் நின்னுபோச்சு! ஆவுடையப்பன் அண்ணே, ஓடி வாங்களேன்!"

பால் பாக்கெட்டோடு கேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்த ஆவுடையப்பன், பாக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். சிவஞானத்தை நெட்டித் தள்ளி, அவர் கையிலிருந்த வயரைப் பிடுங்கினார்.

"அரே! திருடினதும் இல்லாம என்னையே தள்ளுறியா?"

ஆவுடையப்பன் பிளக்கை வண்டியில் செருகி, ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

"சம்சாத், ஸ்விட்சைப் போடும்மா! ஜல்தி!"

பீப் நின்றது. உள்ளே ஏதோ புஸ்... புஸ்... என்று ஓடத் தொடங்கியது.

எல்லாரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கட்டிலில் ஜெய்னுதீன் பாய். மூக்கில் குழாய். உதடு வெளுத்து, நெஞ்சுக்கூடு ஏறி ஏறி இறங்கியது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆவுடையப்பன் சிவஞானத்தின் பக்கம் திரும்பினார்.

"பாய்க்கு ஆக்சிஜன் மிஷின், அண்ணாச்சி. மெயின்லேண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் அதுலதான் மூச்சு. கரண்ட் போனா மிஷின் நின்னுரும். அந்த நேரம் இந்த வண்டி பேட்டரியிலதான் ஓட்டுதோம். வண்டியில அதுக்குன்னே பிளக் பாயின்ட் இருக்கு."

சிவஞானம் வண்டியையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ... கரண்ட் அங்கேருந்து வண்டிக்கு வரலையா?"

"வண்டியிலேருந்து அங்கே போவுது. எப்போ கரண்ட் போகும்னு யாருக்குத் தெரியும்? அதான் வண்டியை விட்டுட்டு பஸ்ல போறேன்."

"இப்போ கரண்ட் இல்லையா? எப்போ போச்சு?"

"எட்டு மணிக்கே போயிடுச்சு சார்," என்றார் டீச்சர். "அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க விட்டாத்தானே?"

மேலே சிவஞானத்தின் வீட்டில் மட்டும் டிவி பாடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள்.

சிவஞானம் ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"என்னம்மா சம்சாத், நான் என்ன அந்நியனா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் இன்வர்ட்டர்லேருந்தே குடுத்திருப்பேனே!"

சம்சாத் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதைச் சொல்லத்தான் அண்ணே, புதன்கிழமை உங்க வாசலுக்கு வந்தேன்."