கிடார் பார்க்க வந்த மாப்பிள்ளை

“கழுத்து சரியா இல்லீங்களே. லேசா கோணிக்கினு இருக்குது.”

பெண் பார்க்க வந்த விமல் வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு இதுதான். தமிழ்செல்வியின் கை தன்னையறியாமல் தன் கழுத்துக்குப் போனது.

பிறகுதான் கவனித்தாள், அவன் பார்வை அவள் மேல் இல்லை. அம்மா புடவை போட்டு மூடி வைத்திருந்த எலெக்ட்ரிக் கிடாரைக் கட்டிலிலிருந்து எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அதன் கழுத்தை நுனியிலிருந்து நோட்டம் விட்டுக்கொண்டிருந்தான்.

“பொண்ணும் மாப்ளையும் ரெண்டு வார்த்த பேசட்டும்” என்று பெரியவர்கள் இந்த அறைக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். அந்த இரண்டு வார்த்தை இப்படியா ஆரம்பிக்க வேண்டும்?

வெளியே கூடத்தில் விமலின் அம்மா பூவம்மாள் மல்லிகைச் சரத்தோடு காத்திருந்தாள். ஜாதகம் பொருந்திவிட்டது, கையோடு பூவும் வைத்துவிட்டுத்தான் கிளம்புவது என்ற முடிவோடு வந்திருந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கம் பெண் தலையில் பூ ஏறிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

“எம்புள்ள எம்பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசமாட்டான்” என்று அவள் பெருமையடித்துக்கொண்டிருந்தது அறை வரைக்கும் கேட்டது.

தமிழ்செல்விக்கும் எதிர்ப்பேச்சுப் பழக்கமில்லை. அப்பா துளசிராமன் வாக்குக் கொடுத்துவிட்டார். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லக் காலையிலிருந்து பலமுறை வாயெடுத்தும் நாக்கு எழவில்லை. பொறிக்குள் மாட்டிய எலியைப் போலத் தவித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க கிடார் வாசிப்பீங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கும்மிடிப்பூண்டில வண்டி பார்ட்ஸ் கம்பெனிங்க. குவாலிட்டி செக்கிங். எந்தப் பொருளப் பாத்தாலும் கை சும்மா இருக்காது.”

கட்டைவிரலால், கழுத்தில் குறுக்கே பதித்திருந்த ஃப்ரெட் கம்பிகளின் ஓரத்தைத் தடவினான். “ஓரமெல்லாம் பிசிரு. கையக் கிழிச்சிடும்.” தலைப் பக்கத்துக் கீ ஒவ்வொன்றையும் திருகினான். “கீ எல்லாம் லூஸு. ட்யூன் நிக்காது.” ஒயர் செருகும் இடத்தைச் சுண்டிப் பார்த்தான். “இது கையோட வந்துடும் போல.”

தமிழ்செல்விக்கு உள்ளே எரிந்தது. வேலைக்குப் போய்த் தன் சம்பளத்தில் வாங்கிய கிடார் அது. மலிவு விலைதான். அதனாலேயே கடையில் அரைநாள் உட்கார்ந்து, நாலைந்து கிடாரைத் தள்ளிவிட்டுப் பொறுக்கி எடுத்திருந்தாள்.

“நல்லாத்தாங்க இருக்குது. நேத்து கூட வாசிச்சேன்.”

“உங்களுக்கு இன்னா தெரியும்? மட்டமான சரக்க உங்க தலைல கட்டிட்டானுங்க.” பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். “கோவமாங்க?”

‘மாப்ளகிட்ட எதிர்த்துப் பேசாத’ என்ற அம்மாவின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. “இல்லீங்க” என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். “கல்யாணத்துக்கு அப்புறம் எங்க ஊட்ல இதுக்கு எடம் கெடையாது. பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுங்க.”

சொல்லிவிட்டுக் கர்சீப்பை எடுத்து, கிடாரின் பளபளப்பில் பதிந்திருந்த தன் விரல் தடங்களைத் துடைத்தான். தலையணையை இழுத்து அதன் கழுத்துக்கு அணைகொடுத்துப் படுக்க வைத்தான். பழைய சாமானுக்குப் போகிற பொருளுக்கு இந்த மரியாதை வேறா என்று தமிழ்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்குக் கிடார். நாளைக்கு வைக்கிற குழம்பு, கட்டுகிற புடவை, பேசுகிற பேச்சு. இவனோடு ஆயுசு முழுக்க எப்படி ஓட்டுவது? நினைக்கும்போதே அவளுக்கு மூச்சு முட்டியது.

இருவரும் கூடத்துக்கு வந்ததும் பூவம்மாள் சரத்தோடு எழுந்து வந்தாள். “திரும்பி நில்லும்மா. நல்ல நேரம் போவுது.”

கூந்தலில் அவள் கைபட்டதும் தமிழ்செல்வி விலகி அப்பா பக்கம் திரும்பினாள்.

“எனக்கு இவரு வேணாம் நைனா.”

சொன்னது தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. அம்மா மணியம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். “இன்னாடி பேசற? பேஜாரு பண்ணாத!”

“ஒரு கிடாரையே இந்தப் பாடு படுத்தறாரும்மா. நான் மனுஷி. ஆயுசுக்கும் இவருகிட்ட செக்கிங்குக்கு நிக்க என்னால முடியாது.”

துளசிராமன் மகளையே பார்த்தார். அவள் வாயிலிருந்து முடியாது என்ற சொல்லை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை. அது லேசில் வந்த சொல் இல்லை என்று பெற்றவருக்குப் புரிந்தது.

“எம்பொண்ணுக்கு இஷ்டமில்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க” என்று பூவம்மாளைக் கும்பிட்டார்.

தமிழ்செல்விக்குக் காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு இப்போது சீராக வந்தது.

“எம்புள்ளையப் போயி வேணான்னுட்டாளே!” என்று கத்திக்கொண்டே பூவம்மாள் வேனில் போய் ஏறினாள். விமல் கடைசியாக வந்தான். வாசலில் நின்றிருந்த தமிழ்செல்விக்குப் பக்கத்தில் குனிந்து ஷூவை மாட்டினான்.

நிமிராமல், வேனுக்குக் கேட்காத குரலில் சொன்னான்:

“கிடார்ல ஒரு குறையும் இல்லீங்க… எங்கம்மாகிட்ட என்னால சொல்ல முடியாதத நீங்க சொல்லிட்டீங்க.”